குலசைக்குப் போன காலி பேட்டரி

"முழு கரண்டு வண்டி வாங்கினா நடு ரோட்டுல நிக்கணும். வெறும் பெட்ரோல் வண்டி கட்டுபடியாகாது. பிளக்-இன் ஹைபிரிட் ஒண்ணு இருந்தா ஊருக்குப் போய்வர அதுதான் ராஜா."

ஒரு வருடமாக இந்தப் பேச்சு என்னைத் துரத்துகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். செந்தூர் எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்துக்காரர் சொன்னார். எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் இரண்டு முறையாவது யாராவது எழுதுகிறார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வண்டியை ஓட்டியவர் இல்லை. அது குற்றமும் இல்லை. இந்தியாவில் இதுவரை விற்ற பிளக்-இன் ஹைபிரிட்கள் வால்வோ, பிஎம்டபிள்யூ, போர்ஷே என்று கோடி ரூபாய்க் கணக்கில் வந்தவை. நம் தெருவில் நிற்கிற வண்டிகள் அல்ல. ஆனால் ஓட்டாத வண்டியைப் பற்றி இவ்வளவு உறுதியாக ஒரு கருத்து ஊர் முழுக்க நிலைத்துவிட்டதே, அதுதான் எனக்கு வியப்பு.

நான் ஓட்டினேன். 2025 தசராவுக்கு அடையாறிலிருந்து குலசேகரன்பட்டினத்துக்கு, என் சித்தப்பா மகன் கைமாற்றாக வாங்கியிருந்த ஒரு வெளிநாட்டு வண்டியில். வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வண்டியின் குறைகள் அல்ல, அந்த இனத்தின் குணம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சாதா ஹைபிரிட்டில் சின்ன பேட்டரி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பிடித்துவைத்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கும். சுவரில் செருக வேண்டியதில்லை. பிளக்-இன்னில் அதைவிடப் பெரிய பேட்டரி. வீட்டில் செருகி நிரப்பினால் வண்டிக்கு வண்டி 30-லிருந்து 100 கிலோமீட்டர் வரை, சிலவற்றில் அதற்கு மேலும், பெட்ரோலைத் தொடாமல் ஓடும். அது தீர்ந்ததும் பெட்ரோல் இஞ்சின் பொறுப்பை ஏற்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அடையாறிலிருந்து குலசை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அதிகாலை நாலரைக்குப் பேட்டரி நிரம்பக் கிளம்பினோம். தெருவில் நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு அமைதி. தம்பி பெருமையோடு என்னைப் பார்த்தான். தாம்பரம் தாண்டியது, கூடுவாஞ்சேரி தாண்டியது. பரனூர் சுங்கச்சாவடி இன்னும் கண்ணில் படவில்லை. தரைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல். இஞ்சின் எழுந்துவிட்டது. மின்சாரத்தில் ஓடியது 34 கிலோமீட்டர். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி எல்லாம் மீதி.

நூறில் ஐந்து பங்கு. எதற்காக இந்த வண்டியை நீளப் பயணத்தின் ராஜா என்கிறார்களோ, அந்தப் பயணத்தில் பிளக் செய்த வேலை அவ்வளவுதான்.

"பழைய மாடல்ணே, புதுசுல நூறு கிலோமீட்டர் போகும்" என்பான் தம்பி. போகட்டும். 650-இல் நூறு என்றால் நூறில் பதினைந்து. மீதி எண்பத்தைந்து பங்கு தூரத்துக்கு அது ஒரு பெட்ரோல் வண்டி. அதுவும் பேட்டரி, மோட்டார், அதைத் தாங்கும் சட்டம் என்று இருநூறு, முந்நூறு கிலோவைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போகிற பெட்ரோல் வண்டி.

கிளம்பும்போது டேங்கை வாய்வரை நிரப்பியிருந்தோம். திருச்செந்தூரில் மறுபடி வாய்வரை நிரப்பியபோது 53 லிட்டர் பிடித்தது. ஓடியது 637 கிலோமீட்டர். மின்சாரத்தில் ஓடிய 34-ஐக் கழித்தால் லிட்டருக்கு பதினொன்றரைக்கும் சற்றுக் குறைவு. வண்டியின் திரை வேறு கதை சொன்னது. பயணத்தில் கணிசமான நேரம் இஞ்சின் அணைந்தே இருந்ததாகப் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டியது. பொய்யில்லை. ஆனால் இறக்கத்திலும் பிரேக்கிலும் சேர்ந்து, பிறகு மோட்டாரை ஓட்டிய அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? சென்னையில் செருகிய பிளக்கிலிருந்து வரவில்லை. ஏற்றத்தில் எரித்த பெட்ரோலிலிருந்து வந்தது. பிளக்கே இல்லாத சாதா ஹைபிரிட்டும் இதே வேலையைச் செய்யும். அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "பாதி தூரம் கரண்டுலயே ஓடிச்சு" என்று ஊரில் வந்து சொல்கிறார்கள்.

பிளக் மிச்சப்படுத்தியது மூன்று லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சம். வீட்டில் பேட்டரியை நிரப்பிய மின்சாரத்தின் விலையைக் கழித்தால் கையில் நிற்பது இருநூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். வழியில் நாங்கள் குடித்த காபிக்கு ஆயிற்று.

"வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே" என்பது அடுத்த வாதம். போட்டுப் பார்த்தோம். விக்கிரவாண்டி தாண்டி ஓர் உணவகத்தில் சார்ஜ் முனை இருந்தது. பிளக்-இன் வண்டிகளில் பல வேகமான டிசி சார்ஜை ஏற்காது. வீட்டு மின்சாரம் போன்ற ஏசியை மட்டும், மணிக்கு மூன்றரை யூனிட், மிஞ்சிப்போனால் ஏழு யூனிட் என்று மெல்லத்தான் குடிக்கும். பொங்கலும் வடையும் சாப்பிட்டு, காபியும் குடித்து, அரை மணி கழித்து வந்து பார்த்தால் ஆறு கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறியிருந்தது. அதற்குள் பின்னால் ஒரு முழு மின்சாரக் கார் வந்து, எங்கள் வண்டி எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. அதை ஓட்டி வந்தவர் முகத்தில் இருந்த பொறுமைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம். ஐம்பது கிலோவாட் முனை கிடைத்தால் அதே அரை மணியில் அவருக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் கிடைக்கும். எங்களுக்கு ஆறு. ஆறு கிலோமீட்டருக்காக அவரை நிற்க வைத்தோம்.

முழு மின்சார வண்டிக்காரருக்கு இந்தச் சாலை பாலைவனமாக இருந்த காலம் போய்விட்டது. பாரத் பெட்ரோலியம் 2022-லேயே சென்னை–திருச்சி–மதுரை சாலையில் தன் பங்க்குகளில் வரிசையாக டிசி சார்ஜர்களை நிறுவியது. அதற்குப் பிறகு தனியாரும் வந்தார்கள். மதுரைக்குத் தெற்கே போகப் போக நம்பிக்கை சற்றுக் குறையத்தான் செய்கிறது. பழுதான முனை, ஆளில்லாத முனை, ஆப் கேட்கும் முனை என்று எரிச்சல்கள் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் என் அலுவலக நண்பர் ஒருவர் மின்சாரக் காரில் நாகர்கோவில் போய்வருகிறார். மூன்று இடத்தில் நிறுத்துகிறார். குழந்தைகளோடு போகிற எவரும் அந்த மூன்று இடத்தில் எப்படியும் நிறுத்துவார்கள்.

பந்தல்குடிக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டயர் காற்று குறைகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. ஊர்ந்து ஊர்ந்து ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தோம். கருவேல மரத்தடியில் கம்ப்ரசரும் ஒரு தொட்டித் தண்ணீரும்தான் கடை. ஆணி டயரின் தோளில் ஏறியிருந்தது. கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "குச்சி வச்சா எவ்வளவு நேரம் நிக்கும்னு சொல்ல முடியாது. ஸ்டெப்னிய எடுங்க சார், மாத்திருவோம்" என்றார்.

தம்பி டிக்கியைத் திறந்து தரைப்பலகையைத் தூக்கினான். ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, சார்ஜ் கேபிள் சுருட்டி வைத்த பை, பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆரஞ்சு ஒயரைத் தொடக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு நிதானமாக, "குட்டியானைக்கே ஸ்டெப்னி உண்டு சார்" என்றார். தம்பியிடம் பதில் இல்லை. ஒட்டும் திரவம் நிரப்பிய ஒரு டப்பாவைக் காட்டினான். கடைக்காரர் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. குச்சியை ரப்பர் பசையில் தோய்த்துச் செருகி, எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்து, "எண்பதுக்கு மேல போகாதீங்க" என்று அனுப்பினார். அங்கிருந்து எட்டயபுரம் கரிசல் வெளியை எண்பதில் கடந்தோம். அரசுப் பேருந்துகள் எங்களை முந்திப் போயின.

டிக்கிக்கு அடியில் பேட்டரியை வைத்தால் ஸ்டெப்னிக்கு இடம் போகும். சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க் சுருங்கும், சிலவற்றில் பெட்டி படுக்கைக்கு இடம் சுருங்கும். எதற்காவது இடம் கொடுத்தே ஆக வேண்டும். நகரத்தில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. போன் செய்தால் ஆள் வருவான். நீளப் பயணத்தில்தான் ஸ்டெப்னி வேண்டும், நீளப் பயணத்தில்தான் டிக்கி நிறையச் சாமான் போகும். அங்கே உதவாத ஒன்றுக்காக அங்கே வேண்டியதை விட்டுக்கொடுத்திருக்கிறது இந்த வண்டி.

குலசையில் இப்போது இஸ்ரோ வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏன் எங்கள் ஊர் என்றால் காரணம் எளிது. துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையின் மேல் பறக்கக்கூடாது என்பதற்காக முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் போகும். எரிபொருள் போனால் ஏற்றிச் செல்லும் எடை குறையும். எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அந்த இழப்பு தாங்காது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். வீண் எடையைச் சுமக்காமலிருக்க இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்து ஒரு தளமே கட்டுகிறார்கள். அந்த ராக்கெட் இன்னொன்றும் செய்யும்: எரிந்து தீர்ந்த அடுக்கைக் கடலில் உதிர்த்துவிட்டு மேலே போகும். எங்கள் வண்டி பரனூருக்கு முன்பே தீர்ந்த பேட்டரியைக் கழற்றிப் போட வழியில்லாமல், ராக்கெட் தளம் கட்டுகிற ஊர்வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

ஊரில் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய்வந்த குடும்பம் அவருடையது. "பாயும் இஞ்சினும் ரெண்டும் வச்சு ஓடுன தோணியெல்லாம் நம்ம ஊர்ல இருந்துச்சுல்லா. அதக் கொற சொல்வியா?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. நான் கேட்ட வாதங்களிலேயே இதுதான் கனமானது.

குறை சொல்ல மாட்டேன். தோணியின் பாய் காற்றை வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போகவில்லை. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் நடுக்கடலில் அது கிடைக்கும். பாய் வழி நெடுக வேலை செய்யும். காற்று விழுந்த நேரத்துக்கு இஞ்சின். அந்தத் தோணிக்கு இரண்டாவது சக்தி பயணத்தின் நடுவில் கிடைத்தது. பிளக்-இன் வண்டிக்கு இரண்டாவது சக்தி கிளம்புகிற வீட்டில் மட்டும்தான் கிடைக்கிறது. கொற்கைத் துறையில் காற்றைச் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு, துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் அவிழ்த்துத் தீர்த்துவிட்டு, காலிச் சாக்கோடு கொழும்புக்குப் போன தோணி ஏதாவது உண்டா என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, இஞ்சின் நம்பகமாக ஆனதும் பாய் எப்படிச் சிறுத்துச் சிறுத்துப் போனது என்பதை அவரே சொல்லத் தொடங்கினார். இரண்டையும் பராமரிக்கிற செலவு யாருக்கும் கட்டுபடியாகவில்லை.

புள்ளிவிவரம் வேண்டும் என்பவர்கள் ஐரோப்பாவைப் பார்க்கலாம். அங்கே வண்டிக்குள்ளேயே எரிபொருள் அளக்கும் கருவியைக் கட்டாயமாக்கி, 2021-ல் பதிவான லட்சக்கணக்கான வண்டிகளின் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் வண்டிகள் சான்றிதழில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாகப் புகை விட்டன. பிளக்-இன் ஹைபிரிட்கள் மூன்றரை மடங்கு. சான்றிதழில் கிலோமீட்டருக்குச் சுமார் 40 கிராம் கரியமில வாயு. சாலையில் சுமார் 139. இத்தனைக்கும் அங்கே தெருவுக்குத் தெரு சார்ஜ் முனை உண்டு. வண்டியில் கோளாறு இல்லை. செருகாமல் ஓட்டினார்கள், நெடுந்தூரம் ஓட்டினார்கள், அவ்வளவுதான். சான்றிதழ் தருகிற சோதனை, தினம் செருகுவார்கள், பெரும்பாலும் குறுந்தூரம்தான் ஓட்டுவார்கள் என்று நம்பிக் கணக்குப் போட்டது. நாம் இங்கே அதே வண்டியை நெடுந்தூரத்துக்கென்றே வாங்கச் சொல்கிறோம்.

சீனக் கதையும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: ஒரு டேங்கில் 2,100 கிலோமீட்டர். 2024 மே மாதம் பிஒய்டி அறிவித்தது இது. உண்மையான சாதனைதான், குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த 2,100-இல் பிளக்கின் பங்கு மாடலைப் பொறுத்து 80 அல்லது 120 கிலோமீட்டர். மீதியை ஓட்டியது, பேட்டரி தீர்ந்த நிலையில் நூறு கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர்தான் குடிக்கும் என்று அவர்கள் சொல்கிற இஞ்சின். சீனச் சோதனை முறை சற்றுத் தாராளமானது என்பதை ஒதுக்கிவிட்டாலும், அந்த எண் நிரூபிப்பது நல்ல இஞ்சினையும் நல்ல ஹைபிரிட் அமைப்பையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் அந்த வண்டி ஏறக்குறைய அவ்வளவே ஓடும்.

தம்பியின் கடைசி ஆயுதம் 'சேவ்' பொத்தான். பேட்டரியை முதலில் தீர்க்காமல் பிடித்து வைத்து, நெடுஞ்சாலையைப் பெட்ரோலில் ஓட்டி, குலசைக் கூட்டத்தில் மின்சாரத்தில் நுழையலாம் என்பது. இது புத்தியான யோசனை. தசரா பார்த்தவர்களுக்குத் தெரியும். திருச்செந்தூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். சூரசம்ஹாரத்தன்று அதற்கு மூன்று மணி நேரம் ஆனது. கல்லாமொழி பக்கம் காளி வேடம், குறத்தி வேடம், குரங்கு வேடம், மேளத்தோடு தசராக் குழுக்கள் என்று சாலை முழுக்க ஆள். போலீஸ் வேடம் போட்ட ஒருவர் லத்தியால் கண்ணாடியைத் தட்டிக் காணிக்கை கேட்டார். நிஜப் போலீஸ் பத்தடி தள்ளி நின்று அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்த ஊர்வலத்தில் எங்கள் வண்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உறுமி எழுந்து, ஏசிக்காகப் பெட்ரோலைக் குடித்து, அணைந்தது. பேட்டரியை மிச்சம் வைத்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் புகையில்லாமல் போயிருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் மொத்தத்தில் மிச்சம் அதே மூன்று லிட்டர்தான், கூடிப்போனால் நான்கு. 34 கிலோமீட்டரைத் தொடக்கத்தில் செலவு செய்தாலும் முடிவில் செலவு செய்தாலும் அது 34 கிலோமீட்டர். இன்னும் சிலர் நெடுஞ்சாலையிலேயே இஞ்சினைக் கொண்டு பேட்டரியை நிரப்பும் பொத்தானை அழுத்துகிறார்கள். பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அதைத் தேக்கி, மறுபடி சக்கரத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சிந்தும். தரகர் இருவரை வைத்து நெல் விற்கிற கதை.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியபோது செந்தூர் எக்ஸ்பிரஸே ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. மின்சாரம் பல ஊர்களில் நாள்கணக்கில் இல்லை. "அப்ப முழு கரண்டு வண்டிய வச்சு என்ன செய்வ?" ஒன்றும் செய்ய மாட்டேன். யாரும் எதையும் செய்யவில்லை. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவாகக் கிடந்த நாட்களில் பெட்ரோல் வண்டிக்கும் போகச் சாலை இல்லை. அப்படியொரு அபூர்வ மழையை மனதில் வைத்து யாரும் கார் வாங்குவதில்லை. வாங்கினால் படகுதான் வாங்க வேண்டும்.

நிலக்கரி வாதத்துக்கு அதிக நேரம் வேண்டாம். "உன் கரண்டே நிலக்கரியிலதான் வருது" என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் கையை நீட்டிக் காட்டவே முடியும். உடன்குடி அனல்மின் நிலையம் கல்லாமொழியில் 1,320 மெகாவாட்டுக்காக எழுந்து நிற்கிறது, நிலக்கரி இறக்குகிற பாலம் கடலுக்குள் நீள்கிறது. இந்தியத் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஒரு யூனிட்டில் மின்சாரக் கார் ஆறேழு கிலோமீட்டர் ஓடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 2.3 கிலோ, எங்கள் வண்டி ஓடியது பதினொன்றரை. வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அது மட்டுமில்லாமல், இதே வாதம் பிளக்-இன் வண்டியின் பிளக்குக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அரசாங்கம் இந்தக் குழப்பத்தில் எங்கே நிற்கிறது? நவராத்திரி தொடங்கிய 2025 செப்டம்பர் 22 அன்றே புதிய ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. முழு மின்சாரக் காருக்கு 5 சதவீதம். பெரிய ஹைபிரிட்டுக்கு, பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 40. இது அநியாயம், பிளக் உள்ளதற்குத் தனிச் சலுகை வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்கிறது. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் பிளக்-இன்னுக்கும் பதிவு வரியைத் தள்ளுபடி செய்ததை எடுத்துக்காட்டுகிறார்கள். தமிழ்நாடு அந்த வழியில் போகக்கூடாது என்பேன். வண்டியில் சார்ஜ் ஓட்டை இருக்கிறது என்பதற்காகச் சலுகை தர முடியாது. அதில் தினம் செருகுகிறாரா என்று தெரிய வேண்டும். ஐரோப்பாவில் கணக்குக் கருவி வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நமக்கு அந்தக் கருவியும் இல்லை. தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையை 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 50,000 வண்டி, எல்லாம் முழு மின்சாரம். ஒரு பக்கம் அதை அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு, மறுபக்கம் பரனூருக்கு முன்பே தீர்கிற மின்சாரத்துக்கு வரிச் சலுகை கேட்பது என்ன கணக்கு?

கடலுக்கு அந்தப் பக்கத்து அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டை போட்டுப் பங்கிட்டார்கள். தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லிட்டர். அந்த 20 லிட்டரில் பிளக்-இன் வண்டிக்காரர் எங்கே கெட்டிக்காரராக இருக்க முடியும்? கொழும்புக்குள் அலுவலகம், பள்ளிக்கூடம், கடை என்று வாரம் முழுக்க வீட்டு மின்சாரத்தில் ஓட்டி, பங்கீட்டுப் பெட்ரோலைத் தொடாமல் வைத்திருப்பதில். யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பிவிட்டால் ஏ9 சாலையில் அவரும் மற்றவர்களைப் போலப் பெட்ரோல்காரர்தான். பிளக் அவருக்குக் கொடுப்பது உள்ளூரில் கிடைக்கிற மிச்சம்.

நான் சொல்ல வந்ததும் இதுவேதான். வருடத்தில் இரண்டு முறை, தசராவுக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர், அந்த இரண்டு பயணத்தைக் கண்ணில் வைத்து வண்டி தேர்ந்தெடுக்கிறார். மீதி 355 நாள் அது வேளச்சேரிக்கும் தரமணிக்கும் நடுவில் ஓடுகிறது என்பது அவர் கணக்கில் வருவதேயில்லை. அந்த 355 நாளுக்காக ஒருவர் பிளக்-இன் வாங்கினால், தினம் இரவு செருகுவேன் என்று வாங்கினால், நான் வாயைத் திறக்க மாட்டேன். வேளச்சேரிக்கே முழு மின்சாரம் போதுமே என்றும் கேட்க மாட்டேன். அது அவர் பாடு. ஆனால் நீளப் பயணத்துக்காக வாங்குகிறேன் என்றால், ஐயா, நீளப் பயணத்துக்குப் பிளக்கை நம்புகிறீர்களா? அப்படியானால் முழு மின்சாரத்துக்குப் போங்கள். நம்பவில்லையா? பிளக் இல்லாத ஹைபிரிட் கிடைக்கிறது, எடையும் குறைவு, விலையும் குறைவு, ஸ்டெப்னி வைக்கவும் இடம் இருக்கும்.

சம்ஹாரம் முடிந்த இரவு வண்டியை அம்மா வீட்டு முற்றத்தில் நிறுத்தினோம். வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான், தண்ணி மோட்டாருக்கு உள்ளது. தம்பி ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் செருகினான். அம்மா வந்து பார்த்துவிட்டு, "காலையில தொட்டி நிறைக்கதுக்கு முன்னாடி புடுங்கிருலே" என்று சொல்லிப் படுக்கப் போனார். ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் பேட்டரி நிரம்பியிருந்தது.

அடுத்த மூன்று நாள் அந்த வண்டி சொர்க்கம். மணப்பாடு கோயிலுக்குப் போனோம், மேட்டிலிருந்து கடல் பார்த்தோம். உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டி வாங்கினோம். திருச்செந்தூரில் சண்முகார்ச்சனை. எங்கே போனாலும் முப்பது கிலோமீட்டருக்குள். இஞ்சின் ஒரு முறைகூட எழவில்லை. இரவானால் மோட்டார் பிளக். ஊர்ப் பிள்ளைகள் சத்தமில்லாத வண்டியின் பின்னால் ஓடி வந்தார்கள். தம்பி, "பாத்தியாண்ணே" என்றான். பார்த்தேன் என்றேன்.

நான்காம் நாள் விடியலில் கிளம்பினோம். திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், ஆறுமுகநேரி. கண்ணாடியை இறக்கிவிட்டால் உப்புக் காற்றும் டயர் சத்தமும் மட்டும். முக்காணி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது தரைக்கு அடியிலிருந்து அந்த உறுமல் வந்தது. தம்பி திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டினான். சென்னைக்கு இன்னும் 615 கிலோமீட்டர் இருந்தது.